படகு ஷாஃப்ட் அதே இடத்தில் முறிகிறது, வழி சொல்லுங்கள்

பாம்பனில் அப்பாவின் விசைப்படகுக்கு இந்த வருடம் இரண்டாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் போய்விட்டது. இரண்டும் 50 மி.மீ. விட்டம் 40 ஆக இறங்கும் படியில்தான் முறிந்தன. துளியும் வளையவில்லை, முறிந்த முகத்தில் சிப்பி ஓடு மாதிரி வரி வரியாக இருக்கிறது. ஃபெட்டீக் முறிவு (திரும்பத் திரும்ப வரும் பளுவால் விரிசல் வளர்ந்து முறிவது) என்றே நினைக்கிறேன்.

நண்பன் ஒருவன், உருண்டைத் தண்டின் குறுக்குவெட்டு முழுதாகப் பிளாஸ்டிக் நிலைக்கு (பழைய வடிவுக்குத் திரும்பாத நிலைக்கு)ப் போக, மேற்பரப்பு மட்டும் ஈல்டு ஆக (அந்த நிலையைத் தொடங்க)த் தேவையான வளைக்கும் திருப்புத்திறனைப் போல 1.7 மடங்கு வேண்டும், பயப்படாதே என்கிறான். ஒருமுறை ஏறும் பளுவுக்கு அது சரி. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுவையும் அமுக்கமும் மாறி மாறி வரும்போது, கூரான மூலையில் குவியும் தகைவுதானே விரிசலைத் தொடங்கும்? உப்புத்தண்ணீர் வேறு.

லேத்தில் படியின் மூலையை 4 மி.மீ. ரேடியஸ் கொடுத்து வளைவாக்கினால் போதுமா? கீவே (புரொப்பெல்லரைப் பூட்டும் சாவிக்கான பள்ளம்) முடியும் இடத்தையும் படியிலிருந்து தள்ள வேண்டுமா? அப்பா நடுக்கடலில் இருக்கும்போது மூன்றாவதும் முறியக்கூடாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.