நாலரை மணிக்கு எழுந்து என்ன செய்வது

அம்மா போனபோது வயது 84. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: கல்யாணச் சாவு. பேரன் பேத்தி பார்த்தாச்சு, கொள்ளுப்பேரனையும் தூக்கியாச்சு, இதுக்கு மேல என்ன வேணும்? தாரை தப்பட்டை, பட்டாசு, பூப்பல்லக்கு எதற்கும் குறைவில்லை. பவானி கூடுதுறையில் அஸ்தி கரைத்தோம், 16ஆம் நாள் காரியமும் முடிந்தது. அதோடு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வயதாகிப் போன அம்மாவுக்காக மகன் எவ்வளவு அழலாம் என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அது பத்தவில்லை.

பக்கவாதம் வந்து கடைசி சில வருஷம் அம்மா படுக்கையில்தான் இருந்தாள். படுத்தே கிடப்பவர்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். ராத்திரி முறையை வீட்டுக்காரியும் நானும் பிரித்துக்கொண்டோம். விடியற்காலை நாலரை என்னுடையது. டயபர் மாற்றி, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பேன். முதுகுக்கு ஒரு தலையணை, முட்டி ரெண்டுக்கும் நடுவில் ஒரு தலையணை. "போய்ப் படு சாமி" என்பாள், பாதி குழறும். நான் படுக்கமாட்டேன். ஏர்பெட் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அலாரத்தை எடுத்துவிட்ட பிறகும் நாலரைக்கு விழிப்பு தட்டியது. எழுந்து உட்காருவேன், செய்ய ஒன்றும் இருக்காது. ஏர்பெட்டை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குப் பின்னால்தான் கொலுசுப் பட்டறை, ஆட்கள் வர எட்டரை ஆகும். துக்கத்துக்கு ஓட்டம் நல்லது என்று யாரும் சொல்லி நான் ஷூ வாங்கவில்லை. அந்த நாலு மணி நேரம் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காலேஜ் காலத்தில் 1500 மீட்டர் ஓடியவன் நான். சேலம் காந்தி ஸ்டேடியம் டிராக்கில் உருண்டு முட்டி தேய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தேன், அம்மா விழுந்ததோடு நின்றுபோனது. திரும்ப ஆரம்பிக்கும் முன் பிரஷர், சுகர், ஈசிஜி மூன்றும் பார்த்துக்கொண்டேன். ஐம்பது தாண்டியவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். இடைவெளி விட்டு ஓடுகிறவனுக்கு மூச்சு சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும், எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் வரும் என்று எங்கள் பி.டி. வாத்தியார் சொல்வார். அதனால் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. பக்கத்தில் ஒருவர் வந்தால் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், அதற்கு மேல் கிடையாது.

வீடு கன்னங்குறிச்சி என்பதால் மூக்கனேரிக் கரைதான் எனக்கு வசதி. ஏரிக்குள் இருக்கிற மண் திட்டுகளில் மரம் அடர்ந்து நிற்கிறது. வெளிச்சம் வருவதற்கு முன்பே பறவைகள் அமளி செய்ய ஆரம்பித்துவிடும். பால்காரர் முதல் நாள் வண்டியை நிறுத்தி, "என்னண்ணா, நாய் துரத்துதா?" என்று பதறிப்போய்க் கேட்டார். மறுநாள் நிஜமாகவே துரத்தியது.

ஓடும்போது அழுகை வந்தால் ஓட முடியாது, இது எனக்குப் புதுச் செய்தி. தொண்டை அடைத்துக்கொள்ளும், மூச்சு துண்டு துண்டாக வரும், நடந்துதான் ஆக வேண்டும். ஆனால் கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் மூச்சு வாங்க நடக்கிறவனை யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. வீட்டில் அப்படி இல்லை. கண் கலங்கினால் உடனே காபி வந்துவிடும்.

கேட்டது ஒரே ஒருவர்தான். எங்கள் தெருவுக்குக் கூடையில் கீரை கொண்டுவரும் பாட்டி, கால் வலியால் கொஞ்ச காலமாக வருவதில்லை. கரையில் என்னைப் பார்த்ததும், "ஏங் கண்ணு, அம்மா எந்திரிச்சு உக்காருதா?" என்றது. சொன்னேன். "போயிட்டாளா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடலியே நீங்க" என்று கூடையை இறக்கிவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டத்தான் திட்டியது. "அவ மாதிரி பேரம் பேசுனவ இந்தச் சேலத்துலயே கிடையாது. வாய்ப்புண்ணு வாய்ப்புண்ணுன்னு மணத்தக்காளியா வாங்குவா, கட்டைப் பிரிச்சுப் பழுத்த எலையெல்லாம் எம் மூஞ்சிலயே வீசுவா." படுக்கையில் கிடந்த அம்மா மட்டுமே அதுவரை என் கண்ணுக்குள் இருந்தாள். நின்றபடி கீரைக்கட்டைப் பிரிக்கிற அம்மாவை அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன். மீதி தூரத்தை நடந்தே கடந்தேன்.

போகப் போக உடம்பு பழகியது. ஒருநாள் வீட்டு கேட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது, கிளம்பியதிலிருந்து அம்மா நினைப்பே வரவில்லை. கால், மூச்சு, வழியில் ஒரு பள்ளம், இன்றைக்கு அனுப்ப வேண்டிய ஆர்டர், இவ்வளவுதான் மனதில் ஓடியிருக்கிறது. என்னவோ துரோகம் செய்தது போல் இருந்தது. கோயம்புத்தூரில் சைக்காலஜி படிக்கும் மகள் போனில் சொன்னாள், 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்று ரெண்டு பேர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். துக்கத்தில் இருப்பவர்கள் இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்வருவார்கள், ரெண்டும் சேர்ந்ததுதான் துக்கம் என்று. "மறந்துட்டீங்கன்னு அர்த்தம் இல்லப்பா. ரெஸ்ட் எடுத்தீங்க." படித்த பிள்ளை சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் அடுத்த சில நாள் வேண்டுமென்றே அம்மாவை நினைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். அப்படி வரவழைத்தால் வருவதில்லை.

தூரம் கூடியதும் கோரிமேடு வழியாக ஏற்காடு அடிவாரம் வரை போக ஆரம்பித்தேன். இது தாய்மாமா காதுக்குப் போய்விட்டது. "பெத்தவ செத்து வருஷம் திரும்பல, மலை ஏறலாமாடா?" என்றார். "மலைக்கோயிலுக்குத்தானே மாமா போகக்கூடாது, இது ரோடு" என்றேன். "மேல சேர்வராயன் இருக்காருல்ல? அது கோயில் மலைதான்." எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அக்காவைப் பறிகொடுத்த மனிதரிடம் வாதாடி ஜெயித்து என்ன ஆகப்போகிறது? கொண்டை ஊசி வளைவு மொத்தம் 20. முதல் ரெண்டு வரைக்கும் போய் வர அனுமதி வாங்கியிருக்கிறேன், எதிலிருந்து மலை ஆரம்பிக்கிறது என்பதில் மட்டும் இன்னும் தகராறு.

அந்த ரெண்டிலேயே ஒன்று தெரிந்தது. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது அடி முழுக்கத் தொடைக்கு. இறங்கிய அன்று ஒன்றும் தெரியாது, மறுநாளும் அதற்கு மறுநாளும் பட்டறையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. மேலே வரை ஓடப்போகிறவர்கள் இறங்குவதற்குப் பஸ்ஸைப் பிடியுங்கள்.

ஐப்பசியில் வருஷத் திவசம். அது முடிந்து, மழையும் ஓய்ந்தால் தையில் முழு மலையும் ஏறிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மகள் தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டியில் பின்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. குப்பனூர்ப் பக்கம் ஓடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், விடியற்காலையில் காட்டெருமை நடமாட்டம் எப்படி?