வெயிலைக் காரணம் காட்டினால் அடித்தவன் தப்பித்துவிடுவான்

நெருஞ்சி:
வெப்பம் கூடினால் வீட்டில் பெண்கள் வாங்கும் அடியும் கூடுகிறது, அதனால் அப்படி அடிபட்டு வரும் பெண்களை அடையாளம் கண்டு உதவ செவிலியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, எனக்கு ஒப்பவில்லை. அதே வெயில் அவளுக்கும்தானே? அவள் யாரையும் அடிக்கவில்லையே.

மழைக்காகிதம்:
பழியை யாருங்க மாற்றினார்கள்? 2023-ல் ஜாமா சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றிலும் 1,94,871 பெண்கள் சொன்னதை வைத்துச் செய்தது. ஆண்டுச் சராசரி வெப்பம் 1 டிகிரி கூடும்போது கணவன் அல்லது துணைவனின் வன்முறை கிட்டத்தட்ட 4.5 சதவீதம் கூடியிருக்கிறது. விளைச்சல் போய், கூலி போய், கடன் ஏறுகிறது. கை ஓங்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் இது போதாதா?

நெருஞ்சி:
தொடர்பு வேறு, காரணம் வேறு. சரி, இருக்கட்டும். வார்டுக்கு ஆள் பத்தாமல் ஓடுகிற நர்ஸிடம் இன்னொரு படிவத்தை நீட்டி, வருகிற எல்லோரிடமும் 'வீட்டுக்காரர் அடிப்பாரா' என்று கேட்கச் சொல்வீர்களா?

இரவுப்பணி:
நான் நர்ஸ். எல்லோரிடமும் கேள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லவில்லை, சந்தேகம் வரும் இடத்தில் கேள் என்கிறது. வழுக்கி விழுந்தேன் என்பார், காயமோ முன்கையின் வெளிப்பக்கம் இருக்கும், முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் அடி அங்கேதான் விழும். கூட வந்தவர் நம் கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அவர் எதிரில் கேட்டால் அன்று இரவே அவளுக்கு இன்னும் அடி, அதனால் எக்ஸ்ரே என்று சொல்லித் தனியாகக் கூட்டிப்போய்த்தான் கேட்பேன். வெயில் மட்டுமா, வெள்ளம் வந்தால் முகாமில் அந்தத் தனியிடமே கிடையாது. அப்புறம், பாலியல் வன்முறை என்றால் ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அவசரக் கருத்தடைக்கு 5 நாள்தான். ரோடு மூழ்கிக் கிடந்தால் அவள் எப்படி வந்து சேருவாள்? காலநிலை எங்கள் வேலையில் வந்து இடிப்பது இங்கேதான்.

நெருஞ்சி:
மருந்து விஷயம் நியாயம். ஆனால் முகாம் கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் போடுவது யார் வேலை? அதை விட்டுவிட்டு நர்ஸுக்கு இரண்டு நாள் வகுப்பெடுத்து போட்டோ போட்டால் ஆச்சா?

இரவுப்பணி:
ஆகாது. ஆனால் 'அந்த நேரத்தில் ஏன் வெளியே போனாய்' என்று கேட்கிற நர்ஸ்களோடும் நான் டியூட்டி பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் வாயைத் திறப்பாளா? அந்த இரண்டு நாள் வகுப்பு இவர்களுக்குத்தான் வேண்டும்.

நெருஞ்சி:
வகுப்பு எடுங்கள். முதலில் ஆள் போடுங்கள் என்கிறேன்.