ஸ்லிங்: கவணா, தூளியா, தாங்குநாடாவா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இருமும்போது சிறுநீர் கசியும் பெண்களுக்குச் சிறுநீர்வழியின் அடியில் ஒரு தாங்கி வைக்கும் ‘ஸ்லிங்’ அறுவைக்குத் தமிழ்ப்பெயராக ஒருவர் ‘கவண்’ என்றும் இன்னொருவர் ‘தூளி’ என்றும் முன்மொழிந்திருக்கிறீர்கள். இவற்றை எடைபோடுமுன் நோயின் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நான் மொழிபெயர்த்த ஒப்புதல் படிவம் ஒன்றில் ‘ஸ்ட்ரெஸ் இன்கான்டினென்ஸ்’ என்ற நோய்ப்பெயரின் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதைக் கைப்பழக்கத்தில் ‘மன அழுத்தம்’ என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த அம்மா ஒருவர், “எனக்கு மனசுல ஒரு குறையும் இல்லையே, இருமினாத்தானே சொட்டுது?” என்று கேட்டாராம். இருமும்போதும் தும்மும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் ஏறும் அழுத்தம் வயிற்றினுள் ஏறுவது. பிரசவத்தாலும் வயதாலும் தாங்குதிசு தளர்ந்துவிட்ட சிறுநீர்வழி அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திறந்துகொள்கிறது. ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு இயற்பியலார் வழங்கும் ‘தகைவு’ நோயாளிக்கு விளங்காது. ஆகவே ‘வயிற்றழுத்தக் கசிவு’ என்கிறேன். திடீரென முட்டிக்கொண்டு வரும் ‘அவசரக் கசிவு’க்கு இந்த அறுவை மருந்தன்று என்பதால், இரண்டுக்கும் பெயர் வேறாக இருப்பதும் நல்லதே.

கவண் கல்லெறியும் கருவி, அதை விட்டுவிடலாம். தூளி என்னையும் மயக்கியது. சிறுநீர்வழி ஒரு தூளியின்மேல் கிடப்பதுபோல் திசுப்படலத்தின்மேல் கிடக்கிறது, இருமும்போது அதன்மேல் நசுங்கி மூடிக்கொள்கிறது என்று அமெரிக்க மருத்துவர் டிலான்சி 1994இல் விளக்கியிருப்பதால், அச்சொல்லுக்கு அறிவியல் ஆதரவும் உண்டு. ஆனால் பிள்ளை கிடக்கும் தூளி எந்நேரமும் இழுபட்டே நிற்கும். 1990களில் மருத்துவர்கள் உல்ம்ஸ்டனும் பீட்ரோஸும் இந்த அறுவைக்குக் கொண்டுவந்த நாடாவோ இழுபடவே கூடாது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகல நாடாவைச் சிறுநீர்வழியின் நடுப்பகுதிக்கு அடியில் கொண்டுவந்தபின், இரண்டுக்கும் இடையே கத்தரிக்கோலின் நுனியைக் கொடுத்து, தளர்வு இருக்கிறதா என்று பார்த்தே மருத்துவர் அதை விடுகிறார். இறுகினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். எனவே ‘தாங்குநாடா’ என்பதே என் முன்மொழிவு. பாவாடை நாடா கட்டிப் பழகிய எவருக்கும் அதன் அகலமும் தன்மையும் உடனே பிடிபடும்.

இனி வகைகள். பூப்பெலும்பின் (இடுப்பின் முன்புற எலும்பின்) பின்னால் ஏறி அடிவயிற்றில் வெளிவருவதை ‘அடிவயிற்று வழித் தாங்குநாடா’ என்றும், 2001இல் பிரான்சின் மருத்துவர் டெலோர்ம் அறிமுகப்படுத்தியதை, அதாவது பக்கவாட்டில் போய்த் தொடையிடுக்கில் வெளிவருவதை, ‘தொடையிடுக்கு வழித் தாங்குநாடா’ என்றும் சொல்லலாம். அமெரிக்காவில் 597 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் சோதனைவழிக் குணம் முறையே 80.8, 77.7 விழுக்காடு, ஏறத்தாழச் சமம். வேறுபாடு தொல்லைகளில்தான் தெரிந்தது: சிறுநீர் கழிக்க முடியாமல் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் முதல் வகையில் 2.7 விழுக்காடு, இரண்டாவதில் ஒருவருமில்லை. வலுக்குறைவு, மரமரப்பு போன்ற நரம்புத் தொல்லைகள் முதலாவதில் 4.0, இரண்டாவதில் 9.4. முதல் வகையில் நாடாவைச் செலுத்தும் ஊசி சிறுநீர்ப்பையைத் துளைத்துவிடக்கூடும் என்பதால் உள்நோக்கியால் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரண்டிலும் நாடா பாலிப்ரொப்பிலீன் வலை. வலை அரித்து வெளிவந்ததையும் தீராத வலியையும் பற்றிய புகார்களால் இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இவற்றை நிறுத்திவைத்தார்கள். நோயாளியின் வயிற்றுத் தசையுறையிலிருந்தே கீற்று வெட்டி எடுக்கும் பழைய முறையில் அந்த அச்சமில்லை. ஆனால் வயிற்றில் பெரிய வெட்டும் நெடிய ஓய்வும் உண்டு, சிறுநீர் அடைப்பும் கூடுதல். ஆகவே ‘தாங்குநாடா’ என்று மட்டும் எழுதி வலையை மறைத்துவிடாமல், படிவங்களில் ‘வலைத் தாங்குநாடா’, ‘தன்திசுத் தாங்குநாடா’ என்று பிரித்தே எழுத வேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பில்லை.

இரண்டாம் வகை நாடா கடந்துபோகும் இடுப்பெலும்புத் துளையான ‘அப்டுரேட்டர்’ துளைக்கு உடற்கூற்றியலார் தனிச்சொல் கேட்பார்கள். படிவத்துக்குத் ‘தொடையிடுக்கு வழி’யே போதும், வலி வந்தால் எங்கே வரும் என்பதை நோயாளி அந்தச் சொல்லிலேயே தெரிந்துகொள்வார்.