ஆதாதேசர்: 1,700-ஆ, 7,000-ஆ?

வேதப்பிரியன்: வேதாகமத்துல வர்ற சோபா நாட்டு (இன்னைக்கு சிரியா பக்கம்) ராஜா ஆதாதேசர் ஏதோ குறுநில மன்னனாம், இஸ்ரவேல் ராஜா தாவீது ஊதித் தள்ளிட்டாராம். நேத்து ஒரு மேதாவி இங்கே எழுதிட்டுப் போயிருக்கார். தாவீது அவர்கிட்ட இருந்து பிடிச்சதே 7,000 குதிரைவீரர், குறுநில மன்னன்கிட்ட அத்தனை பேர் எப்படி வந்தாங்க? 1 நாளாகமம் 18:4. கண்ணாடி போட்டுப் படிக்கவும்.

கல்வெட்டுக்கிறுக்கன்: அந்த மேதாவி நான்தான். பேர் சொல்ல என்ன கூச்சம்? அதே போரைச் சொல்ற 2 சாமுவேல் 8:4-ல 1,700. கண்ணாடியோடதான் படிச்சேன்.

வேதப்பிரியன்: 7,000. கிரேக்க மொழிபெயர்ப்புல சாமுவேல்லயும் 1,000 ரதம், 7,000 குதிரைவீரர்னுதான் இருக்கு. எபிரேயத்துல படியெடுத்தவர் ரதத்தை விட்டுட்டார், ரெண்டு எண்ணும் ஒண்ணாக் கலந்துபோச்சு.

கல்வெட்டுக்கிறுக்கன்: அப்போ பிழை உண்டு! போன மாசம் எரிகோ இழையில "வேதத்துல ஓர் எழுத்தும் மாறலை"ன்னு என்னோட மல்லுக்கு நின்னது யாருங்கோ?

வேதப்பிரியன்: எரிகோவை ஏன் இழுக்கறீங்க? 7,000-க்குப் பதில் சொல்லுங்க.

திண்ணைத்தம்பி: அண்ணே, இவர் சோபா ராஜா. பாசான் ராஜா ஓக் இரும்புக் கட்டில் வெச்சிருந்தார். ரெண்டு பேரும் ஒரே ஃபர்னிச்சர் கடையா?

வேதப்பிரியன்: தம்பி, பெரியவங்க பேசறப்ப குறுக்க வராதே.

மரியக்கா: கர்கார் போர்ல அசீரியாக்காரனை எதிர்த்து நின்ன ஆதாதேசர்தானே இவர்? இஸ்ரவேல் ராஜா ஆகாப்கூட 2,000 ரதத்தோட வந்தாரே.

வேதப்பிரியன்: அக்கா, அது கி.மு. 853. அவர் தமஸ்கு ராஜா. தாவீதுக்கு நூறு வருஷம் பிந்தினவர். இதையும் நானே சொல்லணும்!

கல்வெட்டுக்கிறுக்கன்: அவருக்காவது அசீரிய ராஜா சால்மனாசரோட கல்வெட்டு இருக்கு. உங்க சோபாக்காரருக்கு ஒரு கல் காட்டுங்க.

வேதப்பிரியன்: 1993-ல வட இஸ்ரேல்ல தாண்ங்கற இடத்துல கிடைச்ச கல்வெட்டு. "தாவீதின் வீடு"ன்னு இருக்கு.

கல்வெட்டுக்கிறுக்கன்: நான் கேட்டது ஆதாதேசருக்கு.

திண்ணைத்தம்பி: தாவீது பிடிச்ச குதிரையெல்லாம் என்னாச்சு?

வேதப்பிரியன்: 100 ரதத்துக்கு வேண்டியதை வெச்சுக்கிட்டு, மத்ததுக்குப் பின்னங்கால் நரம்பை அறுத்துட்டார்.

மரியக்கா: எங்க வீட்டுப் பழைய வேதத்துல ரதங்களைத்தான் துண்டாடிப்போட்டார்னு இருக்கு.

கல்வெட்டுக்கிறுக்கன்: பிழை நம்பர் ரெண்டு.

வேதப்பிரியன்: அதுக்குத் தனி இழை போடுங்க, வந்து பேசறேன். பக்கத்து நாடு ஆமாத்தோட ராஜா தோயீ தன் சொந்த மகனையே வெள்ளி, பொன், வெண்கலம் கொடுத்து தாவீதை வாழ்த்த அனுப்பினாரே, குறுநில மன்னனை அடிச்சதுக்கா? 7,000.

கல்வெட்டுக்கிறுக்கன்: 1,700. சாப்பிட்டுட்டு வர்றேன், ஓடிப் போயிடாதீங்க.