புயல் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ராயபுரத்திலிருந்து:

2016 டிசம்பர் 12, வர்தா கடந்த நாள். காலையிலிருந்து வடக்கு ஜன்னல்களைத்தான் காற்று அறைந்துகொண்டிருந்தது. இடுக்கில் பழைய வேட்டியைத் திணித்தும் தண்ணீர் உள்ளே பீய்ச்சியது. தெற்குப் பால்கனியில் கொடியில் கிடந்த துண்டு அசையக்கூட இல்லை. மதியத்துக்கு மேல் எல்லாம் சட்டென்று அடங்கியது. தெருவில் ஆட்கள் இறங்கிக் கிளைகளை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் பைக்கை எடுக்கப் போனார். எங்கள் மாமனார் நாகப்பட்டினத்துக்காரர், மாடியிலிருந்தே சத்தம் போட்டார்: “தம்பி, போகாதீங்க! இது புயலோட கண்ணு. இனிமே தெக்கேருந்து அடிக்கும்.”

அப்படியே அடித்தது. வங்கக் கடல் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். பூமி சுழல்வதால், மையத்தை நோக்கி ஓடும் காற்று நம் அரைக்கோளத்தில் வலப்பக்கம் விலகுகிறது. அதனால் வரும் சுழற்சி அது. கிழக்கிலிருந்து புயல் வரும்போது அதன் முன்பாதியில் வடக்குக் காற்று, பின்பாதியில் தெற்குக் காற்று. நடுவில் வரும் அமைதியை நம்பி யாரும் வெளியே போகக் கூடாது.

கென்யாவில் வேலை பார்த்தவர்:

நான்யுகி ஊரில் பூமத்திய ரேகைப் பலகை பக்கத்தில் இதை வைத்து ஒரு வித்தை காட்டுவார்கள். ஓட்டை போட்ட பேசினில் தண்ணீர், மேலே ஒரு தீக்குச்சி. கோட்டுக்கு வடக்கே சில அடி போனால் குச்சி ஒரு பக்கம் சுற்றும், தெற்கே போனால் மறுபக்கம். நான் வித்தை காட்டியவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரோடு உடம்பைத் திருப்புகிறாரே, அந்தத் திருப்பம்தான் சுழற்சியைத் தருகிறது. பூமத்திய ரேகையில் அந்த விலக்கும் விசை பூஜ்யம், சில அடி தள்ளிப் போனால் என்ன மாறிவிடும்? 1962-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஷபீரோ என்பவர் 6 அடி அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து திறந்த பிறகுதான் பூமியின் சுழற்சியைப் பார்க்க முடிந்தது. வீட்டு சிங்க்கில் தண்ணீர் சுற்றுவதெல்லாம் குழாய் விழுகிற விதத்தையும் தொட்டியின் வடிவத்தையும் பொறுத்தது. பிள்ளைகளுக்குத் தயவுசெய்து தப்பாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அப்புறம், ஆஸ்திரேலியாவில் புயல் கடிகார முள் திசையில் சுழல்வது மட்டும் முழு உண்மை.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

கஜா, 2018 நவம்பர் 16 அதிகாலை. எங்கள் தோப்பில் முதலில் வாடைக் காற்றுக்குத் தெற்கே சாய்ந்த தென்னைகள். அவற்றின் மேலேயே, எதிர்ப்பக்கமாக, வடக்கே தலைவைத்து விழுந்த தென்னைகள். முதல் காற்றில் வேர் ஆட்டங்கண்டு தப்பி நின்ற மரங்களைத்தான் இரண்டாவது காற்று தள்ளிவிட்டது.

கடற்கரையில் இருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் உங்கள் ஊருக்கு வடக்கே கடந்தால் காற்று வாடையிலிருந்து கச்சானுக்கு, அதாவது மேற்குக்குத் திரும்பும். தெற்கே கடந்தால் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, கடலிலிருந்து நேராகக் கரைக்கு. தண்ணீர் ஏறுவது அந்தப் பக்கம்தான். எங்கே கரையைக் கடக்கும் என்று வானிலை அறிக்கையில் சொன்னதும் முதலில் இதைக் கணக்குப் போட்டு, தெற்கே என்றால் வயசானவர்களை அப்போதே மேட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள்.