பழைய பாட்டுப் படிக்க நன்னூல் கட்டாயமா?

கேள்வி: பத்தாவது படிக்கும் மகளுக்குச் சங்கப் பாட்டு மேல் திடீர் ஆசை. நன்னூல் இலக்கணத்தில் 462 நூற்பா (விதிகளைச் சொல்லும் சிறு பாட்டு) என்றதும் புத்தகத்தை மூடிவிட்டாள். உரையை வைத்துப் படித்தால் போதாதா?

பதில் 1: தாராளமாகப் போதும். இலக்கணத்தைக் காட்டிப் பிள்ளையை விரட்டாதீர்கள்.

பதில் 2: எனக்கு அப்பா மூதுரை சொல்லிக்கொடுத்தபோது 'கற்றூண்' என்று ஒரு சொல். அரைமணி நேரம் அகராதியைப் புரட்டினேன், கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் கல் + தூண்! லகரத்தோடு தகரம் சேர்ந்தால் 'ற்ற' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். 462-ம் வேண்டாம், புணர்ச்சியை, அதாவது இரண்டு சொல் சேரும்போது எழுத்து மாறுவதை மட்டும் முதலில் பழக்குங்கள்.

கேட்டவர்: அப்போ 'பொற்றொடி' என்பது பொன் + தொடியா? நேற்று அதில்தான் மாட்டிக்கொண்டாள்.

பதில் 2: அதேதான். சொற்களைப் பிரித்தே அச்சிட்ட பதிப்பை மட்டும் இப்போதே வாங்கித் தராதீர்கள், அவளே பிரித்துப் பழகட்டும்.