மீள்கடனா, மறுவீட்டுச் சொல்லா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நம் மொழியை விட்டு வெளியே போன சொல் வேற்று மொழிகளில் உருமாறி, மறுபடி நம்மிடமே கடனாக வந்தால் அதற்கு என்ன பெயர் என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஓசூர் ஐயா ‘மீள்கடன்’ என்றார். தருமபுரி ஆசிரியர் அம்மா ‘திரும்புசொல்’ என்றார். இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மனசு ஒட்டவில்லை.

நேற்று கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் ஜூஸ் கடைப் பலகையில் ‘மேங்கோ’ என்று எழுதியிருந்தது. நாலடி தள்ளி ஓர் அம்மா மாங்காயைப் பத்தை போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் மேங்கோ கேட்கவில்லை. ஜூஸ் கடையில் யாரும் மாங்காய் கேட்கவில்லை. ஒரே வேர்ச்சொல், இரண்டு வேலை. நாம் பெயர் தேடுவது இந்த நிலைக்குத்தான்.

போர்த்துகீசியர் 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய ‘மங்கா’ மலையாள ‘மாங்ங’யிலிருந்து நேராக வந்தது என்பார் உண்டு, தமிழ் மாங்காய் மலாய்க்குப் போய், அங்கிருந்து வந்தது என்பாரும் உண்டு. (மலாயில் ‘மெம்பெலாம்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. அது நம் மாம்பழமேதான்!) போர்த்துகீசியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் ‘மேங்கோ’ ஆனது. காய் என்கிற பெயரிலேயே பழத்தையும் உலகம் அழைக்கிறது. இங்கிலாந்துக்குக் கப்பலில் முதலில் போய்ச் சேர்ந்தது ஊறுகாய்தான் என்பதால், அங்கே ஒரு காலத்தில் மசாலா அடைத்து ஊறவைத்த முலாம்பழத்துக்கும் ‘மேங்கோ’ என்றே பெயர்.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. போர்த்துகீசியத்தில் ‘மங்கா’ என்றால் சட்டைக்கை என்றும் பொருள். ஸ்பானியத்தில் ‘மாங்கோ’ மாம்பழமும்தான், கத்திப்பிடியும்தான். இந்தக் கையும் பிடியும் வந்தது லத்தீனில் கையைக் குறிக்கும் ‘மானுஸ்’ என்ற சொல்லிலிருந்து. பிரெஞ்சுக்காரர்கள் சட்டைக்கையை ‘மான்ஷ்’ என்பார்கள். இங்கிலாந்துக்கும் தங்களுக்கும் நடுவே இருக்கும் கடலுக்கும் அதே பெயர்தான், சட்டைக்கை மாதிரி நீண்டு கிடப்பதால். நம் மாமரத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

‘கேஷ்’ இன்னும் சிக்கல். காசுதான் கேஷ் ஆயிற்று என்று வாரம் ஒருவராவது எனக்கு அனுப்புகிறார். நம் பக்கத்துச் சில்லறை நாணயங்களை ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றது காசிலிருந்துதான். அதுவும் போர்த்துகீசியர் வழியாக. ஆனால் கடையில் “கேஷா, கார்டா?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் லத்தீனில் பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’விலிருந்து வந்தது. நம் கல்லாப்பெட்டி போல, பணப்பெட்டியின் பெயரே பணத்துக்கு ஆகிவிட்டது. ஆகவே போன வழி, வந்த வழி இரண்டும் தெரிந்தால் மட்டுமே புதுப் பெயரைச் சூட்ட வேண்டும். ஓசை ஒத்தால் போதாது.

சரி, பெயருக்கு வருகிறேன். ‘மீள்கடன்’ என்றால் எங்கள் ஊரில் அடகு நகையை மீட்டு மறுபடி வைப்பதுதான் நினைவுக்கு வரும். ‘திரும்புசொல்’ பரவாயில்லை, ஆனால் போன சொல்லே அப்படியே திரும்பியது போல இருக்கிறது. மாங்காய் எங்கேயும் போகவில்லையே, வீட்டிலேயே இருக்கிறது. வந்திருப்பது வேறு கோலத்தில், வேறு வீட்டு வழக்கத்தோடு, விருந்தாளியாக.

அதனால் ‘மறுவீட்டுச் சொல்’ என்று முன்வைக்கிறேன். கட்டிக்கொடுத்த பெண் மறுவீட்டுக்கு வரும்போது பிறந்த வீட்டுக்குள்தான் வருகிறாள். ஆனால் இப்போது இன்னொரு வீட்டுக்காரி. யாருக்கும் விளக்க வேண்டாத உவமை. பொதுமக்கள் வாயில் நிற்காத கலைச்சொல்லை என்ன செய்வது? மாம்பழத்தை அரைத்தெடுக்கும் ‘பல்ப்’புக்கு ‘மாங்கூழ்’ என்று வைத்தார்கள். சின்ன சொல், செய்தித்தாளில் நிலைத்துவிட்டது.

கறாராகப் பார்த்தால், மலையாள வழியாகப் போயிருந்தால் மேங்கோ நமக்குப் பங்காளி வீட்டுப் பெண்தான். எனவே ஐயமில்லாத ஒன்றை வைத்து அகராதிப் பதிவு எழுதிப் பார்த்தேன்:

கேட்டமரான் – மறுவீட்டுச் சொல். தமிழ் ‘கட்டுமரம்’ ஆங்கிலம் போய் வந்தது. போகும்போது கட்டிய மரம். திரும்பி வந்தபோது இரண்டு படகுடல்களை இணைத்த ஒரே படகு.

ஐயாவும் அம்மாவும் இதில் எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
காவேரிப்பட்டினத்திலிருந்து